ராசிபுரம் பக்கம் பார்த்த குழாய்

கொல்லிமலைக்கு ஆசைப்பட்டு வருகிறவர்கள் அருவியைப் பார்த்துவிட்டு, அன்னாசிப்பழம் வாங்கிக்கொண்டு மறுநாளே இறங்கிவிடுகிறார்கள். நான் ஆசைப்படாமல் வந்தேன். அதனால்தானோ என்னவோ, மலை என்னை விடவே இல்லை.

மலைமேல் ஆலத்தூர் நாடு என்ற ஊராட்சியில் ஓர் அரசுப் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். கணவரும் மகளும் ராசிபுரத்தில் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்குவேன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏறுவேன். எனக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது. அடிவாரத்து முள்ளுக்குறிச்சி தாண்டும்போதே வயிறு தயாராகிவிடும். கண்டக்டர் டிக்கெட்டோடு ஒரு பிளாஸ்டிக் கவரையும் சேர்த்து நீட்டுவார். முதல் வருஷம் அவமானமாக இருந்தது. பிறகு அவர் மறந்துவிட்டால் நானே கேட்டு வாங்கும் அளவுக்கு வெட்கம் விட்டுப்போனது.

மாறுதல் கேட்காமல் இல்லை. வருஷா வருஷம் கேட்டேன். உங்கள் இடத்துக்கு ஓர் ஆள் வந்தால் தாராளமாகப் போங்கள் என்றார்கள். மலைக்கு யார் வருவார்கள்? கிணற்றில் கிடப்பவளிடம், இன்னொருத்தர் விழட்டும், அப்புறம் ஏணி தருகிறோம் என்று சொல்வது போலத்தான் இது. சொன்னவர்கள் எல்லோரும் நல்லவர்கள். டீ வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னார்கள்.

வேறு ஒரு வழி இருந்தது. பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். பட்டம் வாங்கினால் கல்லூரி வேலைக்குப் போகலாம், எனக்குத் தெரிந்த கல்லூரிகள் எல்லாம் கீழேதான் இருக்கின்றன. ராசிபுரம் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் அடுத்த கல்வியாண்டில் இயற்பியல் துறையில் ஓர் இடம் காலியாகப் போவதாகத் தெரிந்தது. என் ஆய்வேட்டை அதற்குள் கொடுத்துவிட்டால் அந்த இடத்துக்கு நான் நிற்க முடியும். மகளிடம் வாய்விட்டே சொல்லியிருந்தேன், நீ ஆறாவது போகும்போது அம்மா தினமும் வீட்டில்தான் இருப்பேன் என்று. பிள்ளைகளிடம் இப்படியெல்லாம் உறுதி கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கொடுத்துவிட்டேன்.

ஆய்வுக்கு எடுத்தது நெருங்கிய இரட்டை நட்சத்திரங்களிலிருந்து வரும் தளவிளைவுற்ற ஒளி. பெயரைக் கேட்டாலே உறவினர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். விஷயம் அப்படியொன்றும் பயங்கரமானதல்ல. யாழ் என்ற விண்மீன் கூட்டத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. வெறும் கண்ணுக்கே தெரியும். என் தொலைநோக்கியில் மட்டுமல்ல, அதைவிடப் பல மடங்கு பெரியதில் பார்த்தாலும் ஒரே புள்ளிதான். ஆனால் அங்கே இருப்பது இரண்டு பேர். அவ்வளவு நெருக்கம். ஒன்றின் உடம்பிலிருந்து வாயு வழிந்து மற்றொன்றைச் சுற்றி வட்டமாகத் தேங்கி, வாங்குகிறவளையே மறைத்துவிட்டிருக்கிறது. கொடுக்கிறவள் முகத்தை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்ப முடியாது. எந்நேரமும் எதிராளியைப் பார்த்தபடியே சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்குச் சுமார் பதின்மூன்று நாள். இதைச் சொன்னபோது கணவர், அவர்களாவது பக்கத்தில் இருந்துகொண்டு சுற்றுகிறார்கள், நாம்தான் பஸ்ஸில் சுற்றுகிறோம் என்றார்.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் குடித்தனத்தை ஒளியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வாயுவில் பட்டுச் சிதறி வரும் ஒளியின் அதிர்வு எல்லாப் பக்கமும் சமமாக இருக்காது, ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். வகுப்பில் இதைக் காட்ட, மலையிலேயே பெரிய கடைத்தெரு உள்ள செம்மேட்டில் ஒரு கூலிங் கிளாஸ் வாங்கினேன். போலராய்டு என்று எழுதியிருந்தது, ஆச்சரியமாக உண்மையிலேயே போலராய்டாகவும் இருந்தது. அதை மடிக்கணினித் திரைக்கு முன்னால் பிடித்து மெல்லத் திருப்பினால் திரை மங்கி மங்கிக் கறுத்துவிடும். இன்னும் திருப்பினால் வெளிச்சம் திரும்பி வரும். திரை மாறவில்லை, கண்ணாடி திரும்பிய கோணம்தான் மாறியது. பிள்ளைகளுக்கு நான் வாரம் முழுக்கக் கத்திச் சொன்ன பாடம் இது.

நட்சத்திரத்துக்கும் அதே வேலைதான். தொலைநோக்கியின் வால்பக்கத்தில் சம்படம் போல உருண்டையான ஒரு பெட்டி தொங்கும். அதற்குள் ஒரு தகடு திரும்பும், ஒரு கேமரா படம் எடுக்கும். ஒளி எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, இந்த இரண்டும்தான் எனக்கு வேண்டும். இரண்டும் கிடைத்தால் அந்த இருவரும் வானத்தில் எப்படிப் படுத்துச் சுற்றுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஒன்று மட்டும் கிடைத்தால் சொல்ல முடியாது.

கீழே ஊர் வெளிச்சத்தில் இதைச் செய்ய முடியாது என்பதால் என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு நான் மலையில் மாட்டிக்கொண்டிருந்தது வசதியாகப் போயிற்று. துறையில் சும்மா கிடந்த தொலைநோக்கியைக் கொடுத்தனுப்பினார். நான் குடியிருந்த வீட்டின் மொட்டை மாடி நடுவில் சிமெண்ட் தூண் எழுப்பி அதை நிறுத்தினேன். வீடு ஒரு மலைக்குடும்பத்துடையது. கீழ்க்கட்டில் அவர்கள், பக்கத்து அறையில் நான். அந்த வீட்டு அக்காவுக்கு என்னைவிட ஐந்தாறு வயது அதிகம் இருக்கும். காட்டில் மிளகு, மரவள்ளி, கொஞ்சம் சாமை. பேச்சுக் குறைவு, வேலை அதிகம். தூண் எழுப்ப அனுமதி கேட்டபோது, இதில் என்ன தெரியும் என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு விடைத்தாள் திருத்தும் எரிச்சல். தூரத்தில் இருப்பதெல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த மாடியின் மேற்கு மூலையில் இன்னொரு விசேஷம் உண்டு. அங்கே மட்டும்தான் என் செல்போனுக்கு சிக்னல் வரும். சாயங்காலமானால் அந்த மூலையில் கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்று மகளிடம் பேசுவேன். ராசிபுரம் அந்தத் திசையில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது ஒரு மேடும் சில்வர் ஓக் மரங்களும்தான். பேசி முடித்த பிறகும் அந்த மேட்டையே வெறித்துக்கொண்டு நிற்பேன். மகள் வீட்டுப்பாடம் எழுதுவதும், கணவர் தோசை கருகவிடுவதும் அந்த மேட்டுக்கு அப்பால் நடந்துகொண்டிருக்கும். துணி எடுக்க மேலே வரும் அக்கா, நான் நிற்பதைப் பார்த்தால் சத்தமில்லாமல் இறங்கிவிடுவார்.

தை மாதம் கடைசியிலிருந்து அந்த நட்சத்திரம் விடியற்காலையில் மேலே வரும். மிளகு காய்வதும் அதே மாதங்களில்தான். பகலில் மாடி மிளகுக்கு, விடியலுக்கு முன் மாடி எனக்கு. நான் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு அக்கா தார்ப்பாய் விரித்து மிளகைக் கொட்டி, காலால் அளைந்து பரப்புவார். நான் வருவதற்குள் குவித்து மூடிவிடுவார். மிளகு காயும் மாடிக்கு யாரும் செருப்புப் போட்டு ஏறுவதில்லை. எனக்குக் குளிரில் பாதம் விறைக்கும், ஆனாலும் செருப்பைப் படியிலேயே விட்டுவிடுவேன். தொலைநோக்கிக் குழாய் நான் விட்ட திசையில் இல்லாமல் வேறு பக்கம் பார்த்து நிற்பதைப் பல தடவை கவனித்திருக்கிறேன். மிளகு பரப்ப இடைஞ்சலாக இருந்திருக்கும், ஒதுக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். குழாய் எங்கே பார்த்தால் என்ன? எப்படியும் நான்தான் மறுபடி நட்சத்திரத்துக்குத் திருப்பப் போகிறேன்.

மலையில் மஞ்சு என்கிற மூடுபனி இறங்கிவிட்டால் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்ட நாட்களில் பெட்டியைக் கழற்றி அறைக்குள் கொண்டுபோய் வைப்பேன், வானம் தெளிந்ததும் திரும்ப மாட்டுவேன். மாட்டும்போது பெட்டியில் உள்ள கோடு குழாயில் உள்ள கோட்டுக்கு நேராக வரும்படி பார்த்துப் பொருத்துவேன். பக்கத்திலேயே பஞ்சாங்கத்துக்காரர்கள் அபிஜித் என்று சொல்லும் பெரிய நட்சத்திரம் இருக்கிறது. அதன் ஒளியில் சாய்வே கிடையாது. தினமும் முதலில் அதைப் பார்த்து, என் கருவி இல்லாத சாய்வைக் காட்டுகிறதா என்று சோதிப்பேன். ஒவ்வொரு தடவையும் சோதனையில் தேறியது. கோணத்தைச் சரிபார்க்க இன்னொரு நட்சத்திரத்தையும் பார்க்க வேண்டும். அது மங்கல், நேரம் பிடிக்கும், அதற்குள் மஞ்சு ஏறிவிடும். திருகை இறுக்கித்தானே வைத்திருக்கிறேன், எப்போதாவது பார்த்தால் போதும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டாவது பருவத்தில் முடிவுகளைச் சேர்த்து வரைந்து பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது. சாய்வின் அளவு எதிர்பார்த்தபடியே இருந்தது. கோணம் மட்டும் இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றது. சில நாட்களில் ஒளி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, மற்ற நாட்களில் வேறொரு பக்கம். இடைப்பட்டது என்று ஏதும் இல்லை. இப்படி யாரும் சொல்லி நான் படித்ததில்லை. வாயு வழியும் தாரை இரண்டு நிலைகளுக்கு இடையில் தாவுகிறதோ என்று எழுதி அனுப்பினேன். பேராசிரியர் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் போன் செய்தார். பிடித்துவிட்டாய், ஆய்வேட்டுக்கு இந்த ஓர் அத்தியாயம் போதும் என்றார். அன்று ஏறும்போது எனக்கு வாந்தி வரவில்லை. கண்டக்டர் கொடுத்த கவரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

சந்தோஷம் மிளகு காயும் மாதம் முடியும்வரைகூட நிற்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு ஒருநாள் மதியத்தோடு முடிந்தது. வெயில் நன்றாக அடித்தது. கணவருக்குப் போன் செய்யலாமென்று மாடிப்படி ஏறினேன். மாடி முழுக்க மிளகு கறுத்துக்கொண்டிருந்தது. நடுவில் அக்கா நின்று, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தொலைநோக்கிக் குழாயை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குத் தலை திருப்பி எண்ணெய் வைக்கிற மாதிரி அவ்வளவு பதமாக. பிறகு வால்பக்கம் போய், உருண்டைப் பெட்டியின் திருகைத் தளர்த்தி, பெட்டியை ஒரு கால்வட்டம் அளவுக்குச் சுற்றித் திருகை மறுபடி இறுக்கினார்.

நான் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டேன். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"ஒண்ணுமில்லீங்க டீச்சர். இந்தப் பொட்டியோட வயரு மொளகுல உழுந்து கெடந்துச்சு. அதான் பொட்டியத் திருப்பி, வயர மேலால கட்டி வச்சேன்."

தினமும் திருப்புவீர்களா என்று கேட்டேன். மிளகு கொட்டும் நாட்களில் மட்டும்தான் என்றார், பயப்படாதே என்று சமாதானம் சொல்கிற தொனியில். மஞ்சு மூடிய மறுநாள் நான் பெட்டியை ஒழுங்காக மாட்டுவேன், அதற்குப் பிறகு இருட்டில் கோட்டைத் திரும்பப் பார்ப்பதில்லை. வெயில் வந்து மிளகு கொட்டியதும் அவர் திருப்புவார். மறுபடி மஞ்சு மூடி நான் கழற்றும்வரை அது அப்படியே இருக்கும். என் இரண்டு கூட்டமும் அங்கேயே, அந்த வெயிலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. நட்சத்திரம் எங்கும் தாவவில்லை. திரை மாறவில்லை, கண்ணாடிதான் திரும்பியது. அபிஜித்தைச் சோதித்து என்ன பிரயோஜனம்? சாய்வே இல்லாத ஒளிக்குப் பெட்டி எப்படித் திரும்பினாலும் ஒன்றுதான்.

எனக்குக் கோபம் வந்தால் நிதானம் போய்விடும். வயர் விழுந்தால் பெட்டியைத் திருப்பினீர்கள் சரி, குழாயை எதற்குத் திருப்பினீர்கள், அது உங்களை என்ன செய்தது என்று கேட்டேன். அக்காவுக்கு என் கோபம் புரியவில்லை. மிளகுக்கு நடுவில் வெறுங்காலோடு நின்றபடி பதில் சொன்னார்.

"அது எந்நேரமும் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குதுங்க. தூரத்துல இருக்கறதெல்லாம் இதுல தெரியுமுன்னு நீங்கதான சொன்னீங்க. உங்கூருப் பக்கமாத் திருப்பி வச்சா, நீங்க வந்த ஒடனே பாப்பாவப் பாக்கலாமில்லீங்களா."

எனக்குத் தூரத்தில் இருப்பது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குழாய் எந்தத் திசையைப் பார்த்து நின்றது என்று அப்போதுதான் கவனித்தேன். மேற்கு மூலை, கைப்பிடிச் சுவர், அந்த மேடு, சில்வர் ஓக் மரங்கள். நான் தினமும் நிற்கும் இடத்துக்கு நேராக, என் கண் உயரத்துக்கே இறக்கி வைத்திருந்தார். இரண்டு வருஷமாக மிளகு காய்ந்த ஒவ்வொரு நாளும் இதைச் செய்திருக்கிறார். நான் ஒரு தடவைகூட அதன் வழியாக அந்தப் பக்கம் பார்த்ததில்லை.

நல்லவளாக இருந்திருந்தால் அங்கேயே அவர் கையைப் பிடித்திருப்பேன். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. "இனிமே இத யாரும் தொடக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டேன்.

பேராசிரியரிடம் சாயங்காலம் சொன்னேன். எந்தெந்த நாள் மஞ்சு மூடியது என்று முதலில் கேட்டார். குறிப்பேட்டைப் பார்த்துச் சொன்னேன். பிறகு, அளவு நிற்கும், கோணம் போச்சு என்றார். மஞ்சுக்கு மறுநாள் எடுத்தவை மட்டும் தேறும், அவற்றை வைத்துக்கொண்டு சுற்றுப்பாதையின் பாதியைக்கூட நிரப்ப முடியாது. எந்த நாளில் பெட்டி எவ்வளவு திரும்பியிருந்தது என்று ஊகித்துச் சரிசெய்யலாமா என்று கேட்டேன். அது ஊகம்தான் என்றார். எனக்கும் தெரியும். மீதி இருக்கும் விடியல்களில் முடிந்ததை எடு, இல்லையென்றால் அடுத்த தை வரை காத்திரு, பல்கலைக்கழகத்தில் ஒரு வருஷம் நீட்டிப்பு நான் வாங்கித் தருகிறேன் என்றார். அதுதான் கடைசி நீட்டிப்பு.

மீதி விடியல்கள் என்று ஒன்றும் இருக்கவில்லை. அந்த வருஷம் கோடை மழை முந்திக்கொண்டது. விடியற்காலையில் எழுந்து கதவைத் திறந்தால் மஞ்சு அறைக்குள்ளேயே வந்து நிற்கும். ராசிபுரம் கல்லூரியில் அந்த இடத்துக்கு வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால் இனி நான் மாறுதலும் கேட்க முடியாது. கீழே போனால் வானம் கிடையாது, வானம் இல்லாமல் பட்டம் கிடையாது, பட்டம் இல்லாமல் கல்லூரி கிடையாது. மலையை விட்டு இறங்க வேண்டுமென்றால் இன்னும் ஒரு வருஷம் மலையிலேயே இருக்க வேண்டும். யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை. சாவி உள்பக்கம்தான் இருந்தது, அதனால்தான் இன்னும் மூச்சு முட்டியது.

மகளிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை, ஆறாவதுக்கு வர முடியாது என்பதை மட்டும் மாடி மூலையில் நின்று சொன்னேன். அவள் அழவில்லை. அப்போ ஏழாவதுக்கா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. மறுபடி கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா அதற்குப் பிறகு நான் இருக்கும்போது மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டார். வாசலில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுவார். காலையில் என் வாசலில் வைக்கும் பால் செம்பு மட்டும் தவறாமல் வந்தது. அவரிடம் கோபம் எனக்கு அப்போதே போய்விட்டிருந்தது. காட்டிவிட்ட கோபத்தை எப்படித் திருப்பி எடுத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

மழை இரண்டு மூன்று நாள் விட்டு வெயில் அடித்தது. சனிக்கிழமை, ஊருக்குப் போகவில்லை. காலையில் மேலே போனேன். கடைசி மிளகைக் கொட்டியிருந்தார்கள். தூணைச் சுற்றி ஓர் ஆள் கைநீட்டினாலும் எட்டாத அளவுக்கு வட்டமாக இடம் விட்டு, அதற்கு அப்பால் பரப்பியிருந்தது. அவ்வளவு இடத்தை விட்டதில் மிளகு நெருக்கியடித்துக் கிடந்தது. இப்படிக் கிடந்தால் சீராகக் காயாது. வயர் தரையில்தான் கிடந்தது, யாரும் தொடவில்லை. குழாய் நான் விட்டபடியே அண்ணாந்து, ஒன்றுமே இல்லாத பகல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும்தான் அழுதேன். ஆய்வு போனதற்கு அழவில்லை, கல்லூரி போனதற்கு அழவில்லை. இந்த மலையில் என்னைத் தவிர இன்னொருத்தரும் நான் வீட்டுக்குப் போக வேண்டுமென்று நினைத்துக்கொண்டிருந்தார், அவரையும் நிறுத்திவிட்டேன் என்று அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே போனேன். அக்கா வாசலில் மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அவரைக் கையோடு மாடிக்குக் கூட்டிவந்து, பெட்டியில் இருந்த கோட்டைக் காட்டினேன். பெட்டி திரும்பினால் என் கணக்கு எப்படிக் கெடும் என்று கூலிங் கிளாஸையும் மடிக்கணினியையும் கொண்டுவந்து திருப்பித் திருப்பிக் காட்டினேன். திரை கறுத்தபோது அவர் கை வாய்க்குப் போயிற்று. எத்தனை நாள் திருப்பினேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதில் ராசிபுரம் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. மேடு மறைக்கும் என்றேன்.

வயரை நான் தூணோடு சேர்த்துக் கட்டினேன். பிறகு, எப்படிக் கேட்பது என்று தெரியாமல், கேட்டே விட்டேன்.

"பொட்டிய மட்டும் தொடாதீங்கக்கா. குழாய எப்பவும் போல எங்கூருப் பக்கமே திருப்பி வச்சுருங்க."

"அதான் தெரியாதுங்கறீங்களே டீச்சர்."

"தெரியாட்டிப் பரவால்லக்கா."

அக்கா எழுந்து, மிளகில் மிதிக்காமல் வட்டத்துக்குள் வந்தார். குழாயை இரண்டு கையாலும் பிடித்து மேற்கு மூலைக்குத் திருப்பி, என் கண் உயரத்துக்கு இறக்கினார். பெட்டி அசையவில்லை என்று குனிந்து கோட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டார். அப்புறம் இரண்டு பேருமாக மிளகைத் தூண் வரைக்கும் தள்ளிப் பரப்பினோம். இன்னும் ஒரு வருஷம் அது அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.